வழிகாட்டியார் மகளுக்கு வழி காட்டிய கதை

மகள் பல் டாக்டர் ஆகியே தீரவேண்டும் என்று வழிகாட்டியார் முடிவு செய்தது ஒரு திங்கட்கிழமை காலை, முகம் மழித்துக்கொண்டிருந்த நேரத்தில். முதலில் கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில்தான் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார், பாவம்.

வழிகாட்டியார் என்பது அவர் பெயரல்ல, உத்தியோகம். மேல்நிலைப் பள்ளியில் மேற்படிப்புக்கும் வேலைவாய்ப்புக்கும் வழிகாட்டி ஆசிரியர். கடைசி வகுப்புப் பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று எடுத்துச் சொல்வதற்காக அவருக்கு ஒரு தனி அறை, ஒரு சுழல் நாற்காலி, சுவர் நிறையப் படங்கள். எல்லாப் படத்திலும் யாராவது ஒருத்தர் மலை உச்சியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருப்பார். அந்த ஆள் அங்கே என்ன வேலை பார்க்கிறார், ஏன் கீழே இறங்கி வீட்டுக்குப் போகவில்லை என்று எந்தப் படத்திலும் போட்டிருக்காது.

வருஷா வருஷம் பெற்றோர் கூட்டத்தில் அவர் பேசும் பேச்சு பிரசித்தம். "உங்கள் ஆசையைப் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள். அவர்கள் மனதைக் காது கொடுத்துக் கேளுங்கள்" என்று குரல் தழுதழுக்கச் சொல்வார். தாய்மார்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஒரு வருஷம் ஒரு தகப்பனார் எழுந்து மகனைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார். அதெல்லாம் ஊரான் வீட்டுப் பிள்ளைகள் விஷயம். வழிகாட்டியாருக்கு இருப்பதோ ஒரே மகள். அவள் மனதைக் காது கொடுத்துக் கேட்டு, அவள் பாட்டுக்கு எதையாவது சொல்லித் தொலைத்தால்?

"முடிவு பண்ணிட்டேன்" என்றார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே.

"என்னது, இன்னைக்காவது அந்தக் குழாயை ரிப்பேர் பண்றதுன்னா?" என்றாள் மனைவி.

"குழாய் கிடக்கட்டும். நம்ம பொண்ணு பல் டாக்டர்."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து. மாசக் கடைசிக்குள்ள கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாகணும். மனுஷனுக்குப் பல் இருக்கிற வரைக்கும் பல் டாக்டருக்குக் கவலையில்லை."

மனைவிக்குப் பல் டாக்டர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். கடைத்தெருவில் இருக்கும் பல் மருத்துவமனையில் வாசல் மேஜைக்காரி அவள்தான். யாருக்கு எத்தனை மணிக்கு முறை என்று சொல்வது, பயந்து நடுங்குகிறவர்களைப் பேச்சுக் கொடுத்து உட்கார வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"எங்க டாக்டரு பல்லைக் காட்டிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க. நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள குனிஞ்சு குனிஞ்சு மனுஷன் கேள்விக்குறி மாதிரி ஆயிட்டார்."

"பொண்ணுக்கு நிமிர்ந்து நிக்க நான் கத்துக்குடுக்கிறேன்."

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த மகள் மெல்ல வாயைத் திறந்தாள். "அப்பா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கலையே?"

"கேட்காம இருப்பேனா? இந்தா, கேட்கிறேன். பல் டாக்டர் ஆகறதுல உனக்கு எவ்வளவு சந்தோஷம்?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா திடீரென்று ஒரு டம்ளரை ரொம்பச் சிரத்தையாகக் கழுவ ஆரம்பித்தாள்.

"எனக்கு வேற ஒரு ஆசைப்பா."

"சொல்லும்மா. எதுவானாலும் சொல்லு. அப்பா திறந்த மனசுக்காரன்."

"கடைத்தெருக் கோடியில 'இறுதிப் பயண நிலையம்'னு ஒரு போர்டு இருக்கே..."

"எது, அந்தச் சவப்பெட்டிக் கடையா?"

"சவப்பெட்டி மட்டும் இல்லப்பா. குளிப்பாட்டி, உடுத்தி, வண்டி ஏற்பாடு பண்ணி, வந்தவங்களுக்கு ஆறுதல் சொல்லி, கடைசி வரைக்கும் எல்லாத்தையும் அவங்களே பார்த்துப்பாங்க. அதுக்குன்னு படிப்பே இருக்கு. நான் அதைத்தான் படிக்கப் போறேன்."

வழிகாட்டியார் கையிலிருந்த ரொட்டி மேஜையில் விழுந்தது. மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. அதை எடுக்கும் சாக்கில் கொஞ்ச நேரம் மேஜைக்கு அடியிலேயே இருந்தார். வெளியே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"அதெல்லாம் ஒரு தொழிலாம்மா?"

"நீங்கதானேப்பா எங்க வகுப்புல சொல்லிக்கொடுத்தீங்க? எந்த வேலையா இருந்தாலும் மூணு கேள்வி கேட்டுப் பாருன்னு. நான் கேட்டுப் பார்த்தேன். அம்பது வருஷம் கழிச்சும் அந்த வேலை இருக்குமா? இருக்கும். இப்ப நல்லாயிருக்கிறவங்கள்ல பாதிப் பேர் அப்பதானே வருவாங்க. மெஷின் வந்து பிடுங்கிக்குமா? அழுதுக்கிட்டு நிக்கிறவங்க முதுகை மெஷின் தட்டிக்கொடுக்க முடியாது. ஜனங்க நம்மைத் தேடி வருவாங்களா?" இங்கே மகள் கொஞ்சம் யோசித்தாள். "வந்துதானேப்பா ஆகணும்."

"இன்னொண்ணு" என்றாள் மனைவி, டம்ளரை விடாமல். "சேவை சரியில்லைன்னு திரும்பி வந்து ஒருத்தனும் சண்டை போட மாட்டான்."

"நீ சும்மா இரு!"

"நான் சும்மாதாங்க இருக்கேன். உங்க பொண்ணு, உங்க கேள்வி. என்னை ஏன் இழுக்கிறீங்க?"

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வழிகாட்டியாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கப்பலில் வேலை கேட்டு வந்த பையனுக்குக் கணக்குப் பதிவியல் படிக்கச் சொன்னார். கணக்குப் பதிவியல் கேட்டு வந்த பெண்ணிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்டார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நமக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவருக்கு உள்ளுக்குள் உண்மையிலேயே வலித்தது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர். அந்தப் பிள்ளை காலமெல்லாம் அழுகைக்கு நடுவில் நிற்கப் போகிறாளே!

ஆனால் மூளை இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? மாலை மணி அடிப்பதற்குள் ஒரு திட்டம் உதித்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அவரே கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று உண்டு. 'ஒரு நாள் பார்த்துட்டு வா' என்று அதற்குப் பெயர். எந்த வேலைக்கு ஆசைப்படுகிறாயோ, அந்த வேலை நடக்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்க இருந்து பார். விமானி ஆக வேண்டும் என்றவன் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிவிட்டு வந்து மனம் மாறியிருக்கிறான். வக்கீல் ஆக வேண்டும் என்றவள் நீதிமன்ற வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்து தூங்கிவிட்டு வந்திருக்கிறாள். மகளையும் ஒரு நாள் அந்த இறுதிப் பயண நிலையத்துக்கு அனுப்பிவிட்டால்? முதல் மணி நேரத்திலேயே அலறிக்கொண்டு ஓடி வந்துவிட மாட்டாளா?

முன்கூட்டியே நிலையத்துக்காரரைப் போய்ப் பார்த்தார். கறுப்புக் கோட்டு, மெல்லிய குரல், அளவான புன்னகை.

"நாளைக்கு என் பொண்ணு வருவா. கொஞ்சம் கடுமையாவே காட்டுங்க. பயந்து ஓடணும்."

"பயப்பட இங்க என்ன சார் இருக்கு? ஊர்லயே அமைதியான இடம் இதுதான்" என்றார் அவர். பிறகு கோட்டுப் பித்தானைத் தடவிக்கொண்டே, "படிச்ச பிள்ளைங்க இந்தப் பக்கமே வர்றதில்லை சார். உங்க பொண்ணு வந்தா எனக்குக் கை கொடுத்த மாதிரி" என்றார்.

வழிகாட்டியார் அவசரமாக விடைபெற்றுக்கொண்டு வந்தார். போதாக்குறைக்கு மறுநாள் காலை மனைவி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"அவளைத் தனியாவா அனுப்புறீங்க?"

"அவ என்ன சின்னக் குழந்தையா, தனியாப் போக மாட்டாளா?"

"புது இடத்துக்குப் போனா வீட்டுல ஒருத்தர் கூடப் போகணும்னு சட்டம் போட்டது யாரு? நீங்கதானே? உங்க சட்டத்தை நீங்களே மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?"

போனார். முதல் அறையில் பூ மாலைகள். தாங்கிக்கொண்டார். இரண்டாவது அறையில் வரிசையாகச் சவப்பெட்டிகள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து நிலையத்துக்காரர் மரத்தின் உறுதியையும் உள்ளே தைத்திருக்கும் பட்டின் மென்மையையும் விளக்கினார். மகள் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். வழிகாட்டியார் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளக்கி முடித்துத் திரும்பிய நிலையத்துக்காரர், பழக்க தோஷம், அவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"சார் நடுத்தர உயரம்தான். ஆனா தோள் கொஞ்சம் அகலம். உங்களுக்குச் சாதாரண அளவு பத்தாது."

அவ்வளவுதான். வழிகாட்டியாருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. கண் விழித்தபோது முதுகுக்கு அடியில் மெத்தென்று இருந்தது. கன்னத்தில் பட்டு உரசியது. இரண்டு பக்கமும் பலகை. மேலேயிருந்து மகளும் நிலையத்துக்காரரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படுக்க வைக்க வேற இடம் இல்ல சார்" என்றார் நிலையத்துக்காரர், மிகுந்த பணிவோடு. "வசதியா இருக்கா? இதுதான் அகல அளவு."

வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவருக்கு இரண்டு நாள் காய்ச்சல். மகளோ முகமெல்லாம் மலர்ந்து திரிந்தாள். "அப்பாவை எவ்வளவு பக்குவமாத் தூக்கினாங்க தெரியுமாம்மா? தலை ஆடவே இல்லை!" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சமையலறையிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. நோயாளி எழுந்து உட்கார்ந்தார். போர்வை தானாக விலகியது. கால்கள் தானாக நடந்தன. மகள் அப்போதுதான் அடுப்பிலிருந்து ஒரு முழு ரொட்டியை வெளியே எடுத்தாள். பக்கத்தில் ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னக் கேக்குகள்.

"என்னம்மா இதெல்லாம்?"

"சும்மாத்தாம்பா. அந்த வேலைக்குப் போறவங்க மனசு கனக்காம இருக்க ஏதாவது பொழுதுபோக்கு வெச்சிக்கணுமாம். மாவு பிசைஞ்சா மனசு லேசாகுது."

வழிகாட்டியார் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. இன்னொரு துண்டு. ஒரு கேக். இன்னும் ஒரு கேக். மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. கையிலிருந்த கேக்கோடு மனைவியைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏய், இவளை ரொட்டி, கேக் செய்யற படிப்புல சேர்த்துட்டா என்ன?"

மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "என்னங்க சொல்றீங்க! மாவு பிசையவா இத்தனை வருஷம் படிக்க வெச்சோம்?"

"மாவுல என்ன கேவலம்?"

"உங்க அக்கா என்ன சொல்வாங்க? வழிகாட்டி வாத்தியார் பொண்ணு அடுப்படியில நிக்குதுன்னு ஊரே சிரிக்காதா? எனக்குப் பிடிக்கலைங்க. அதுக்கு அவ ஆசைப்படி அந்த நிலையத்துக்கே போகட்டும்."

"அடி பாவி, கேக் சாப்பிடறவன் உயிரோடயாவது இருப்பானேடி!"

இந்த இடத்தில் மனைவியின் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பல் பிடுங்கப் பயந்து வாசலிலேயே நிற்கிறவர்களை அவள் கையைப் பிடித்து இழுத்ததே கிடையாது. "வேணாம், நீங்க கிளம்புங்க, இன்னொரு நாள் பார்த்துக்கலாம். வீங்கினா வீங்கட்டும்" என்பாள், அவ்வளவுதான். அவர்களே எழுந்து, அவர்களே உள்ளே நடந்து, அவர்களே வாயைத் திறந்துகொண்டு படுத்துவிடுவார்கள். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியும் வழிகாட்டியாருக்கு இது மட்டும் தெரியாது.

கெஞ்சினார். கொஞ்சினார். குழாயை அன்றைக்கே ரிப்பேர் பண்ணினார். கடைசியில் மனைவி பெருமூச்சு விட்டாள்.

"சரி, உங்களுக்காக வாயை மூடிக்கிறேன். ஆனா உங்க அக்காகிட்ட நீங்களே பேசணும். பொண்ணையும் நீங்களேதான் சம்மதிக்க வைக்கணும். நான் குறுக்கே வர மாட்டேன்."

அக்காவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அக்காவை எதிர்த்துப் பேசினார். "என் பொண்ணு கை வேலைக்காரி அக்கா! அதுல என்ன தப்பு?" என்று அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது.

அடுத்தது மகள்.

"ஐயோ, அதெல்லாம் ஒரு படிப்பாப்பா?" என்றாள் அவள்.

"மூணு கேள்வி கேட்டுப் பாரும்மா. அம்பது வருஷம் கழிச்சும் மனுஷனுக்குப் பசிக்கும்."

"ஆனா மெஷின்லயே ரொட்டி செய்றாங்களேப்பா."

"மெஷின் ரொட்டியும் ஒரு ரொட்டியா? கடிச்சா மெத்தையைக் கடிச்ச மாதிரி இருக்கும். உன் கைப் பக்குவம் எந்த மெஷினுக்கு வரும்?"

"ஜனங்க தேடி வருவாங்களா?"

"நான் வருவேன்! தினம் வருவேன்! வரிசையில நிப்பேன்! என் அக்காவையும் கூட்டிக்கிட்டு வருவேன்!"

மகள் தரையைப் பார்த்தாள். பிறகு, "நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று இழுத்தாள்.

மறுநாளே கல்லூரிக்குப் போய், பேக்கரிப் படிப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத்தான் வழிகாட்டியார் மூச்சு விட்டார். இடம் கிடைத்தது என்று செய்தி வந்த அன்று மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். பிடிக்காத படிப்பில் சேருகிற பிள்ளை இப்படியா சந்தோஷமாக அழும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தானும் சேர்ந்து அழுதார். அந்தக் கண்ணீரில் கலப்படம் கிடையாது. மகள் தப்பித்தாள், நாம் ஜெயித்தோம் என்று அவருக்கு அவ்வளவு நிம்மதி.

அதே வாரம் பெற்றோர் கூட்டம். வழிகாட்டியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. பழைய பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கடைசி வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் பார்த்து முழங்கினார்.

"அன்பர்களே! பிள்ளைகளோடு சண்டை போடாதீர்கள். அவர்களே அறியாமல் அவர்களை வழிநடத்துங்கள். என் மகள் சவப்பெட்டி நிலையத்துக்குப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் கத்தினேனா? இல்லை. யோசித்தேன். பேக்கரி என்ற எண்ணத்தை மெல்ல, மெல்ல, அவள் மனதில் விதைத்தேன். இன்றைக்கு அது தன் சொந்த ஆசை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள் குழந்தை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்று தட்டினார். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தாள். கடைத்தெரு பேக்கரியின் முதலாளியம்மா. அவள் மகனும் அதே வகுப்பு.

"ரொம்பச் சந்தோஷம் சார்" என்றாள் வெள்ளந்தியாக. "உங்க பொண்ணு போன வருஷத்திலேர்ந்து சாயங்காலம் சாயங்காலம் எங்க கடையிலதானே வேலை கத்துக்குது? தங்கமான கை. இந்தப் படிப்புலதான் சேருவேன்னு எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்கும். 'அப்பா ஒத்துக்கணுமே, அதுக்கு அம்மா ஏதோ வழி பண்றாங்க'ன்னு சொல்லுச்சு. அந்த வழி இதுதானா? ரொம்ப நல்லா இருக்கு சார்!"

 மண்டபம் சிரித்தது பாருங்கள், அவர் அறையில் மாட்டியிருந்த மலை உச்சிப் படங்களெல்லாம் ஆடின. வழிகாட்டியார் மேடையிலிருந்து மனைவியைத் தேடினார். அவள் முன் வரிசையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, கைப்பைக்குள் எதையோ ரொம்பச் சிரத்தையாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது வழிகாட்டியார்தான் ஆரம்பித்தார்.

"சாயங்காலம் டியூஷன்னு போனதெல்லாம்?"

"பேக்கரிக்குத்தாங்க."

"அந்தச் சவப்பெட்டிக்காரர்? அவரும் கூட்டா?"

"சேச்சே, அவருக்கு ஒண்ணும் தெரியாது. நிஜமாவே ஆள் தேடிக்கிட்டிருக்கார், பாவம். நேத்துகூட விசாரிச்சார்."

"ஏன், என்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீங்க ஆலோசனை சொல்ல ஆரம்பிச்சிருப்பீங்க" என்றாள் மனைவி. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அவளுக்கு அது உயிருங்க. நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா வாயைத் திறக்காம பல்லைப் படிச்சிருப்பா. என்னால அதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது" என்றாள்.

வழிகாட்டியாருக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. மகள் சிரித்துக்கொண்டுதானே இருக்கப் போகிறாள் என்று நினைத்தால் மனது குளிர்ந்துபோனது. எப்படியும் இந்தச் சிரிப்பு ஒரு வாரத்தில் ஊருக்கு மறந்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போனால், அவருடைய அறை வாசலில் இதுவரை காணாத கூட்டம். வகுப்பே திரண்டு வந்து வராந்தாக் கோடி வரைக்கும் நின்றது. அடடா, என்னதான் சிரித்தாலும் ஜனங்களுக்கு நம்மிடம் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது! வழிகாட்டியார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். சுழல் நாற்காலியில் சாய்ந்து, குரலைக் கனைத்து, முதலில் நின்ற மாணவியைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார்.

"சொல்லும்மா, உனக்கு என்ன வழி தெரியணும்?"

"எனக்கு நாடகம் படிக்கணும் சார், ஆனா அப்பா வக்கீலுக்குத்தான் படிக்கணும்கிறார்" என்றாள் அவள். "உங்க வீட்டம்மாவைப் பார்க்கணும்னா உங்ககிட்டயே முறை வாங்கிக்கலாமா, இல்ல நேரா பல் ஆஸ்பத்திரிக்கே போயிடட்டுமா?"